பெயரும் பேரேடும்
கண்டிச் சீமை மக்களின் பெயர் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பிள்ளைக்குப் பெயரிடுவதைக் குடும்பத்தின் உள்விவகாரம் என்றே நாம் பொதுவாகக் கருதிவருகிறோம். தாயும் தந்தையும் விரும்புகின்றனர், பாட்டன் பாட்டி ஆமோதிக்கின்றனர், சோதிடர் ஓர் எழுத்தைச் சொல்கிறார், பெயர் அமைந்துவிடுகிறது. அது வழக்கத்துக்கு மாறானதாக இருப்பின் ஊரார் சிரிக்கின்றனர். படித்தவர்களோ அதனைப் பெற்றோரின் அறியாமை என்றோ புதுமை மோகம் என்றோ கூறி ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் எந்தப் பெயரும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு காலத்தில் எவருக்கு எத்தகைய பெயர் இடலாம் என்றிருந்தது, இட்ட பெயரை எவர் எழுதினர், எவர் குறைத்தனர், எவர் ஏற்க மறுத்தனர் என்பவற்றை ஆராய்வோமாயின், அக்காலச் சமுதாய அமைப்பின் உள்ளுறுப்புகளையே கண்டுவிடலாம். இத்தகைய ஆராய்ச்சிக்குக் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைப்பகுதியும் மிகப் பொருத்தமான களமாகும்.

கண்டியின் அரச வரலாறே பெயர் மாற்றங்களின் வரலாறு எனலாம். அவ்விராச்சியத்தை நிலைநிறுத்திய முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) பிறந்தபோது அப்பெயரைக் கொண்டிருந்தவன் அல்லன். அவனுடைய முதற்பெயர் கோணப்பு பண்டார. போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்றபோது, 1571இல் லெப்பாந்தோக் கடற்போரில் துருக்கியரை வென்ற ஆஸ்திரியாவின் தொன் யுவானுடைய பெயர் அவனுக்குச் சூட்டப்பட்டது. அவன் மணந்த குசுமாசனதேவி, போர்த்துக்கேயரின் ஏடுகளில் தோனா கத்தரினாவாக விளங்குகிறாள். ஐரோப்பியன் கொடுத்த பெயரைக் களைந்து, அரியணைக்குரிய பெயரைப் பூண்ட பின்னரே அவன் கண்டிக்கு அரசனாக முடிந்தது. நாயக்கர் மரபின் கடைசி அரசனும் 1798இல் தன் பதினெட்டாம் வயதில் கண்ணுசாமி என்ற பெயரை நீத்து, ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என முடிசூடிக்கொண்டான்.

அரசர்க்கு மட்டுமன்று, குடிகளுக்கும் பெயர் தகுதியின் அளவுகோலாகவே இருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் சுவையான செய்தியொன்றைப் பதிவுசெய்துள்ளார். அந்நாட்டு மக்களுக்குக் குழந்தைப் பருவத்தில் பெயர்கள் உண்டு. ஆனால் வளர்ந்தபின் அப்பெயரால் அழைக்கப்படுவதை ஆணும் பெண்ணும் இழிவாக எண்ணினர். நாயைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு அதனை ஒப்பிட்டனர். ஊரையும் குடும்பத்தையும் குறிக்கும் பட்டமே வளர்ந்தோர்க்குரிய பெயராயிற்று. நிலமானியச் சமுதாயத்தில் மனிதனுக்கு மதிப்பளித்தது அவனுடைய நிலமும் குலமுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கம்பளைக்கு அண்மையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இத்தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள், தாம் வந்தடைந்த மலைநாடு முழுவதையும் 'கண்டிச் சீமை' என்றே குறிப்பிட்டனர். மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் தங்கள் பெயர்களையும் சுமந்து வந்தனர். அப்பெயர்கள் எத்தகையன?

குப்பன், குப்பாயி, பிச்சை, மண்ணாங்கட்டி, தவிடன், மூக்கன், மூக்காயி என்னும் பெயர்களைக் கேட்டு இன்றைய மாணவர் சிரிக்கலாம். ஆனால் இவை ஒவ்வொன்றின் அடியிலும் இறந்துபோன குழந்தைகள் இருக்கின்றன. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றாள். அயலாருக்குத் தவிட்டுக்கு விற்று மீண்டும் வாங்கித் தவிடன் என்றாள். மூக்கைக் குத்தி மூக்கன் என்றாள். மதிப்பற்ற பொருளை எமனும் தீண்டான் என்பது அவளது நம்பிக்கை. சீனத்து உழவர் 'நாய் மிச்சம் வைத்தது' என்று பொருள்படும் பெயரைத் தம் மகனுக்கு இட்டதும் இதே அச்சத்தினாலேயே. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935ஆம் ஆண்டில் இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. மருத்துவம் எட்டாத இடத்தில் பெயரே மருந்தாயிற்று. அம்மருந்தை மூடநம்பிக்கை என்று கூறுவது சரியே. அதனை வேண்டச்செய்த நிலைமையை மறந்துவிட்டுக் கூறுவதுதான் தவறு.

இன்னொரு வகைப் பெயரில் அச்சம் இல்லை; வெறுப்பு இருக்கிறது. பெண்கள் தொடர்ந்து பிறந்த வீடுகளில் கடைசிப் பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்டனர். திருத்தணிக்கு அருகேயுள்ள நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்ற பெயரைத் தாங்கிய பெண்கள் அண்மைக்காலம் வரை இருந்தனர். அவ்வாறு பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. ஒருத்தி தன் வாழ்நாள் முழுவதும் தன்னை அழைக்கும் ஒவ்வொரு வாயினின்றும், தான் விரும்பப்படாதவள் என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான பெயரால் விளையும் தீங்குகளுள் இதனினும் கொடியது உண்டோ?

சாதியும் தன் பங்கைச் செய்தது. கருப்பன், முனியாண்டி, மாடசாமி, காளியம்மா, ராக்காயி, பேச்சி முதலியவை உழைக்கும் மக்களின் ஊர்த்தெய்வங்களின் பெயர்கள். அவற்றில் இழிவு ஏதுமில்லை. இழிவை ஏற்றியவர்கள் மேலிருந்தவர்களே. தாழ்த்தப்பட்டவன் ராமசாமி என்று பெயரிட்டுக்கொண்டால் அவனைச் 'சாமி' என்று விளிக்க மனமில்லாத மிராசுதார், அதனை 'ராமா' என்று வெட்டினார். முத்துசாமி முத்தனானான். பெயரின் வாலை அறுப்பது அன்று வாய்ப்பழக்கமன்று, அதிகாரத்தின் செயல்.

கடல் கடந்து வந்ததும் இப்பெயர்கள் புதியதோர் எசமானைச் சந்தித்தன. அதுதான் தோட்டத்துச் செக்ரோல். தோட்ட மக்களின் பேச்சுவழக்கில் 'பேர் பதிதல்' என்றால் வேலைக்குச் சேர்தல். ஒருநாள் வேலையை முடித்துக் கூலிக்கு உரியவராவது ஒரு 'பேர்'. குறித்த அளவு கொழுந்து எடுக்கவில்லையெனில் 'அரைப்பேர்'. மனிதனின் பெயரும் அவனது நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட மொழிவழக்கை நாம் வேறெங்கும் கண்டதில்லை. முதலாளித்துவ உற்பத்திமுறையில் உழைப்பாளியின் உழைப்புச் சக்தி சரக்காகிறது என்று நூல்களில் படிக்கிறோம். கண்டிச் சீமைத் தொழிலாளி அதே உண்மையைத் தன் அன்றாடப் பேச்சிலேயே வெளியிட்டுவிட்டான். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். மாலையில் அது முழுமையாகவோ பாதியாகவோ கணக்கில் ஏறும்.

பெயரை ஏட்டில் எழுதியவர் பெற்றோர் அல்லர், கணக்கப்பிள்ளை. அவருக்குத் தகவல் சொன்னவர் கங்காணி. ஒரே தோட்டத்தில் நான்கு ராமசாமிகள் இருப்பின் கணக்கு வசதிக்காக ஓர் அடைமொழியோ எண்ணோ ஒட்டப்படும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் கடன்தொகையைக் காட்டும் 'துண்டு' வேண்டும். 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் பெயர் அவனுடைய கடனோடு சேர்ந்தே ஏடு விட்டு ஏடு பெயர்ந்தது. துரைமாருக்கோ இத்தொல்லையும் இல்லை. அவர்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் அனைவரும் 'ராமசாமி'களே. தென்னாபிரிக்காவில் 'சாமி' என்னும் ஈறு எல்லா இந்தியத் தொழிலாளருக்கும் பொதுவான ஏளனப் பெயராயிற்று என்று காந்தியடிகள் தமது சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ஊரில் 'சாமி' என்ற ஈற்றை வெட்டினார்கள். கடல் கடந்த நாட்டில் அதனையே வசையாக்கினார்கள். ஏகாதிபத்தியம் நிலமானியத்திடமிருந்து கற்றுக்கொண்ட பாடங்களுள் இதுவும் ஒன்று போலும்! அரியணை ஏறியவனுடைய பெயர் நீண்டது. மலை ஏறியவனுடைய பெயர் குறுகியது. ஒரே கண்டியின் இருவேறு வரலாறுகள் இவை.

எனினும் இப்பெயர்கள் வெறும் கணக்குக் குறிகளாகவே முடிந்துவிடவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள மூலோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளி ஒருவர் பலியானார். அவர் பெயர் கோவிந்தன். அத்துப்பாக்கிச் சூடு விசாரணை ஆணைக்குழுவொன்றுக்குக் காரணமாயிற்று. நாட்டின் அரசியல் மேடையில் பெரும் வாதங்களை எழுப்பிற்று. செக்ரோலில் ஒருவரியாக இருந்த பெயர் தொழிற்சங்க வரலாற்றில் முதல்வரியாக மாறியது. பட்டமோ பாரம்பரியமோ இன்றி, வெறுமனே 'கோவிந்தன்' என்று மலையகம் இன்றும் நினைவுகூரும் பெயர் அது.

விழிப்புற்ற மக்கள் தம் பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றத் தொடங்கினர். 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். 1939இல் ஜவஹர்லால் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. லயங்களிலே காந்திகளும் ஜவஹர்களும் போஸ்களும் பிறந்தனர். 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பும் வழியில் கொழும்பில் உரையாற்றிய பெரியார் ஈ.வெ.ரா., தமிழகத்தில் குழந்தைகளுக்கு 'ருஷ்யா' என்றும் 'மாஸ்கோ' என்றும் பெயரிட்டவர். பின்னர் ஏ. இளஞ்செழியன் முதலியோர் நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் வாயிலாகத் தமிழ்ச்செல்விகளும் அன்பழகன்களும் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். 'இவையெல்லாம் விசித்திரப் பெயர்கள்' என்று அன்று எள்ளியவர்கள் உண்டு. குப்பனின் மகனுக்குப் போஸ் என்று பெயரிட்ட தந்தை, தன் சந்ததி குப்பையிலிருந்து எழுந்துவிட்டது என்று உலகுக்கு அறிவித்தான். அவ்வறிவிப்பின் கம்பீரத்தை எள்ளியவர்கள் உணரவில்லை.

ஆனால் பெயர்களின் மீது விழுந்த பேரிடி இனிமேல்தான் வரவிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவன் என்ற ஒன்றை மட்டும் போதுமானதாக ஏற்கவில்லை. அவனுடைய தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். இலங்கையில் குடியியற் பதிவு முறையாகத் தொடங்கியதே 1867இல் என்பதை நினைத்துப் பார்ப்போமாயின் இந்நிபந்தனையின் கொடுமை விளங்கும். அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம். மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையை நிரூபிக்க வேண்டும் என்றது அது.

நிரூபிப்பது எதனைக் கொண்டு? பிறப்பத்தாட்சிப் பத்திரம், செக்ரோல், பாடசாலை இடாப்பு ஆகியவற்றைக் கொண்டே. தோட்டத்தில் பிறந்த குழந்தையின் செய்தி மருத்துவிச்சியிடமிருந்து தோட்டக் கந்தோருக்கும் அங்கிருந்து பதிவுகாரரிடமும் சென்றது. வழியில் ஒவ்வொரு வாயும் பெயரை ஒருவாறு மாற்றியது. ஆங்கில எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாயின. பத்திரத்தில் முத்துக்கருப்பன், செக்ரோலில் கருப்பன், பள்ளிக்கூட இடாப்பில் முத்துக்குமார். மூவரும் ஒருவரே என்பதை லயத்தில் எல்லோரும் அறிவர். கந்தோரிலோ மூவரும் மூன்று ஆட்கள். சுமார் 8,25,000 மக்களுக்காக ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் செய்யப்பட்டன; பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. மறுப்புகளுக்கெல்லாம் பெயர்ப் பிழையே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. இம்மக்களின் வாக்குரிமையைப் பறிப்பதே சட்டங்களின் அரசியல் நோக்கம். ஆயினும் அந்நோக்கத்துக்கு வாய்த்த கருவிகளுள் எழுத்துப் பிழையும் ஒன்று. ஏட்டைத் தன் கையால் எழுதாத மக்களிடம் ஏட்டைச் சான்றாகக் கேட்பது போன்ற அநீதி பிறிதில்லை.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் பிரச்சினைக்கு 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களாலேயே சட்டரீதியான முடிவு ஏற்பட்டது. நாற்பது ஐம்பது ஆண்டுகள், ஒரு மக்கட்கூட்டம் தன் பெயரைத் தானே நிரூபித்துக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

இதற்கிடையில் மொழியும் புகுந்தது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின், கண்டி மாவட்டத்துக் கந்தோர்களில் தமிழ்ப் பெயர்கள் சிங்கள எழுத்தில் ஏறின. சிங்கள நெடுங்கணக்கில் ழகரத்துக்குத் தனி எழுத்தில்லை. தமிழில் ஒரே ககரமாக எழுதப்படுவது அங்கே இரண்டிலொன்றாக எழுதப்பட வேண்டும். ஆகவே எழில், யாழினி என்று ஆசையோடு இட்ட பெயர்கள் பத்திரத்தில் வேறு ஒலி பெற்றன. தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டுவருகிறது. இரு மொழியிலும் நாடெங்கும் அமைந்த அட்டை 2014இலேயே வந்தது. 1977இலும் 1983இலும் கண்டிப் பகுதித் தமிழர் தாக்கப்பட்டபின் பெற்றோர் சிலர் வேறொரு கணக்குப் போட்டனர். சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான ஒலியுடைய பெயர், பேருந்தில் பிள்ளையைக் காக்குமல்லவா? குப்பன் என்ற பெயர் எமனிடமிருந்து காக்க இடப்பட்டது. இப்பெயரோ மனிதரிடமிருந்து காக்க. இரண்டும் ஒரே தாயின் அச்சம்தான்.

இன்றைய நிலை யாது? தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்துவிட்டன. படித்த தலைமுறை எழுந்துள்ளது. பிள்ளைகளின் பெயர்கள் முற்றிலும் மாறிவிட்டன. எண் சோதிடரும் திரைப்படமும் புதுப் பெயர்களை வாரி வழங்குகின்றனர். பொருளற்ற ஒலிக்கூட்டங்கள் பல பெயர்களாக உலவுகின்றன. எண்ணை நிறைவு செய்வதற்காக ஆங்கில எழுத்தொன்று கூட்டப்படுகிறது. அவ்வெழுத்துச் சிங்களத்தில் ஒருவிதமாகவும் தமிழில் ஒருவிதமாகவும் விழுகிறது. அதிர்ஷ்டத்துக்காகச் சேர்த்த எழுத்தே, பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கோரும் நாளில் துரதிர்ஷ்டமாகிறது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த தாய் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்கையில், தோட்டப் பதிவில் ராக்கு என்றும் அட்டையில் ராக்காயி என்றும் இருப்பதால் சத்தியக் கடதாசிக்கும் கந்தோர்ப் படிகளுக்கும் அலைகிறாள். அவள் உழைத்த 'பேர்'கள் எல்லாம் கணக்கில் உண்டு. அவளுடைய பெயர்தான் கணக்கோடு ஒவ்வவில்லை!

இதற்குப் பரிகாரமாக, 'இன்ன பெயர்கள்தாம் இடலாம்' என்று அரசே பட்டியல் வகுத்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களை மட்டுமே அனுமதித்தது. 1993இல்தான் பெற்றோருக்குப் பெயரைத் தேரும் சுதந்திரம் கிட்டியது. நாஜி ஜெர்மனியோ 1938இல் யூத ஆண்கள் 'இஸ்ரயேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் பெயரொட்டுச் சேர்க்கக் கட்டளையிட்டது. கொலைக்களத்துக்கு முன்னோடியாக வந்தது பெயர்ப்பட்டியல். பெயரிடும் உரிமையை அதிகாரத்திடம் ஒப்படைத்த மக்கள் எங்கும் நன்மை கண்டதில்லை.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? பெயரைத் தேர்வது பெற்றோரின் உரிமை. அப்பெயர் பிள்ளையின் நாவிலும் கையிலும் தடையின்றி வருமா, மூன்று மொழியிலும் எவ்வாறு எழுதப்படும், எவரேனும் அதனைக் கொண்டு பிள்ளையைத் தாழ்த்த இயலுமா என்று எண்ணிப் பார்ப்பது அவர்களது கடமை. பெற்றோர் சொன்ன பெயரைச் சொன்னவாறே, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் எழுதிப் படித்துக்காட்டுவது அரசின் கடமை. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பிலே எழுதப்பட்டிருக்கிறது. அது பதிவுகாரரின் மேசையிலும் எழுதப்பட வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனிப்பொறுப்பு உண்டு. குப்பாயி என்று வந்த சிறுமியைப் புஷ்பராணி என்று இடாப்பில் எழுதிய நல்லாசிரியர்கள் பலர் இருந்தனர். அவர்களது நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பத்திரத்தைத் திருத்தாமல் இடாப்பை மட்டும் மாற்றியதால் அச்சிறுமி இரண்டு ஆட்களானாள். பெயரைத் திருத்தவும் மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. சேர்க்கையின்போதே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துப் பிழையைப் பெற்றோருக்குச் சுட்டிக்காட்டி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது அரைமணி நேர வேலை. அவ்வரைமணி நேரம் பிற்காலத்தில் அப்பிள்ளைக்குப் பல மாத அலைச்சலை மிச்சமாக்கும். அதனோடு, வகுப்பில் ஒரு பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் நகைக்கும்போது, அப்பெயருக்குப் பின்னாலுள்ள வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பதும் ஆசிரியர் தொழிலே.

முடிமன்னர்களின் பெயர்களைக் கண்டியின் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்துவருகின்றன. கோப்பியும் தேயிலையும் நட்டு இம்மலைகளைச் செல்வமாக்கிய குப்பன்களுக்கும் மூக்காயிகளுக்கும் செக்ரோலையன்றி வேறு சாசனம் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களாவது பிழையின்றி எழுதப்படுமாக.